அம்மாவின் கூடையில் சவுக்குச் சருகு

அன்று காலை கரையில் எல்லோரும் பார்க்க அம்மா என் மனைவியின் கையைத் தட்டிவிட்டாள். கட்டுமரம் கரையேறி, மீனைப் பங்கு போட்டாகிவிட்டது. எங்கள் வீட்டுப் பங்கை அம்மா தன் கூடையில் அடுக்கி, மேலே ஈரச்சாக்கைப் போர்த்தி முடித்திருந்தாள். தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு குனிந்தாள். வழக்கம்போல என் மனைவி கூடையின் மறுபக்கத்தைப் பிடிக்கப் போனாள்.

"நீ வுடு" என்றாள் அம்மா. கையில் பட்டென்று ஓர் அடி. பிறகு திரும்பிச் சின்னம்மாவைக் கூப்பிட்டாள்.

சின்னம்மா என்பது அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அம்மாவைவிடப் பத்து வயதாவது இளையவள். கோவளத்தை ஒட்டிய எங்கள் குப்பத்திலிருந்து உப்பளத்தைக் கடந்து கேளம்பாக்கத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் மீன் கொண்டுபோவார்கள். சின்னம்மா வந்து ஒரு கை கொடுத்தாள். கூடை ஏறியது. இருவரும் போய்விட்டார்கள். என் மனைவி அடிபட்ட கையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வலையைப் பார்த்தேன்.

அரிசி ரேஷனை எடுத்துவிட்ட பிறகு வந்த ஓர் ஆனி மாதம் அது. அம்மாவுக்கு அப்போது அறுபது தாண்டியிருக்கும். வயதை அவளும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு வயதாகிவிட்டது என்பதை அவளுடைய நரையைப் பார்த்து முடிவு செய்வதில்லை. மீன் கூடை தனியாகத் தலைக்கு ஏறாது. இன்னொருத்தி தூக்கிவிட வேண்டும். தூக்கிவிடுகிறவளுக்குத்தான் கூடையின் கனம் தெரியும். கனம் குறைந்துவிட்டது என்று அவள் நான்கு பேரிடம் சொன்னால் போதும். அந்தப் பருவம் முடிவதற்குள் கூடைக்காரி மீன் விற்கிற தெருக்கள் மருமகளுடையதாகிவிடும். அப்புறம் அவள் கருவாட்டுக்குக் காக்கை விரட்டிக்கொண்டு வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

ஆண்கள் கூடையைத் தொடுவதில்லை. மீன்கூடை தூக்கிவிடுகிற ஆண்பிள்ளையைச் சிரித்தே கொன்றுவிடுவார்கள். அதனால் யார் கூடையில் எவ்வளவு கனம் என்பது எங்களுக்குத் தெரியாது. என் அம்மாவின் கூடையைப் பொறுத்தவரை, அது எப்போதும்போல விளிம்புக்கு மேலே கும்பலாகத்தான் தெரிந்தது. சாயங்காலம் அவள் கொண்டுவந்த காசும் முன்னைப்போலத்தான் இருந்தது. ஆகவே அவளுக்கு உடம்பு முடியவில்லை என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. வேறு எண்ணங்கள் வந்தன.

முதலில் வந்தது என் மனைவிக்குத்தான்.

"ஒங்கம்மா எங்கிட்ட இன்னாத்தையோ மறைக்குது" என்றாள்.

"இன்னாத்த?"

"தெரிஞ்சா மறைக்குதுன்னு ஏன் சொல்லப்போறேன்? நேத்திலேர்ந்து கூடைய அதுவே கழுவுது. நான் தொட்டா வள்ளுனு வுழுது."

அது உண்மை. அம்மா அதற்கு முன்பெல்லாம் கடுமையாகப் பேசுவாள், ஆனால் சிரிப்பும் கூடவே வரும். கரையில் அவள் இருந்தால் ஏலம் போடுகிறவனுக்கே வாய் வராது. அந்த ஆனியில் சிரிப்பு நின்றுவிட்டது. தன் வெற்றிலைப் பையில் யாரோ கைவிட்டார்கள் என்றாள். கேழ்வரகுக் கூழ் கசக்கிறது என்றாள். மருமகள் ஊற்றிக் கொடுத்ததைக் கீழே வைத்துவிட்டு, பானையிலிருந்து தானே மொண்டு குடித்தாள். அதே பானை, அதே கூழ். அதற்கப்புறம் என் மனைவி பானைப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மாவின் கண் அவள் முதுகிலேயே இருந்தது.

இரவில் அம்மா தூங்குவதில்லை என்பதும் தெரிந்தது. புரண்டுகொண்டே இருப்பாள். எழுந்து வெளியே போவாள், வருவாள். நான் கேட்டால், "இந்த வூட்ல எவளுக்குத் தூக்கம் வரும்?" என்பாள். காலையில் கண் சிவந்திருக்கும். தரையிலிருந்து எழுந்திருக்கும்போது முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, ஏதோ தேடுகிறவள்போலச் சற்று நேரம் குனிந்தே நிற்பாள். தேடுகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். என்ன தேடுகிறாள் என்று என் மனைவியும் அந்த இடத்தில் போய்ப் பார்ப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் சருகு கிடைத்தது. அம்மா குளிக்கப் போயிருந்தாள். கழுவிக் கவிழ்த்த கூடையின் பின்னலில் சவுக்குச் சருகு நாலைந்து சிக்கியிருந்தது. என் மனைவி அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நம்ம குப்பத்துல சவுக்கு ஏது? கேளம்பாக்கம் போற வழில ஏது?"

எனக்கும் புரிந்தது. சவுக்குத் தோப்பெல்லாம் தெற்கே, மாமல்லபுரம் போகிற கரையில். அங்கேதான் என் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் புருஷன் சரியாகக் கடலுக்குப் போகாதவன். குழந்தைகள் நிறைய.

"பாதி மீனு அங்க போவுது" என்றாள் என் மனைவி. "போவட்டும். கேட்டா நானே குடுப்பேன். இன்னாத்துக்குத் திருட்டுத்தனம்? அதுக்குத்தான் என் கைய தட்டி வுட்டுது."

"காசு கொறையலியே?"

"அதான் எனக்குப் புரியல. அதான் எனக்குச் சந்தேகமே."

நான் யாரிடமும் நேராக ஒன்றைக் கேட்டுவிடக் கூடியவன் அல்ல. அம்மாவிடம் கேட்பதற்கு வாய் வரவில்லை. தங்கையின் குப்பத்திலிருந்து கயிறு விற்க வருகிற ஒருவனிடம் ஊர்ப் பேச்சு பேசுவதுபோல, "அந்தப் பக்கம் எங்கம்மாவப் பாத்தியா?" என்று கேட்டேன். "ஏன், காணமா?" என்றான். அதற்கு மேல் கேட்க வெட்கமாகிவிட்டது. அவன் பார்க்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அவனும் என் தங்கை புருஷனும் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர்கள். சொல்லிக் கொடுத்திருப்பார்களோ என்று நினைத்தேன். சந்தேகம் ஒன்று வந்துவிட்டால் பதில் எதுவாக இருந்தாலும் அதையும் விழுங்கிக்கொண்டு கொழுக்கிறது.

கடைசியில் ஒரு நாள் பின்னாலேயே போனேன். வலை உலர்த்துகிற வேலையை என் மனைவியின் தம்பியிடம் விட்டுவிட்டு, கோவளத்தில் நாஸ்தா சாப்பிட்டு வருவதாகச் சொன்னேன்.

உப்பளத்துக்கு நடுவே போகிற பாதையில் ஒளிந்துகொள்ள ஒரு மரம் கிடையாது. வெயிலில் பாத்திகள் கண்ணைக் குத்தின. அம்மாவும் சின்னம்மாவும் தூரத்தில் இரண்டு புள்ளிகளாகப் போனார்கள். அவர்கள் திரும்பிவிடுவார்களோ என்று நான் கீற்று வேய்ந்த உப்புக் குவியல்களுக்குப் பின்னால் நின்று நின்று போனேன். உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருத்தன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த, வயிறு சரியில்லியா? அந்தாண்ட போய்க் குந்து, இது துன்ற உப்பு" என்றான்.

தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். ஒன்றை மட்டும் கவனித்தேன். இரண்டு பேரும் கேளம்பாக்கத்துக்குத்தான் போனார்கள். தெற்கே திரும்பவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் அவர்களைத் தவறவிட்டேன். தெருத்தெருவாக நடந்தேன். பிறகு சின்னம்மாவின் குரல் கேட்டது. "காரப்பொடி! கெழங்கா! வாளே!" என்று கூவிக்கொண்டு வந்தாள். அது அம்மாவின் தெரு. அம்மாவின் தெருவில் சின்னம்மா கூவுகிறாள், அம்மாவைக் காணோம். என்னைப் பார்த்ததும் கூவல் பாதியில் நின்றது.

"இன்னா நைனா, இந்தப் பக்கம்?"

"சும்மாதான். அம்மா எங்க?"

"அந்தத் தெருவுல." அவள் காட்டிய பக்கம் தெருவே இல்லை, ஒரு குளம்தான் இருந்தது. "நீ வூட்டுக்குப் போ நைனா. வெயில்ல ஏன் பேஜாரு?"

அவள் கூடையைப் பார்த்தேன். எப்போதும் சுமப்பதைவிட அதிகம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அம்மாவின் தெருக்களை மருமகள் பிடுங்குவதற்கு முன்னால் சின்னம்மா பிடுங்கிக்கொண்டாள், அதற்கு அம்மாவுக்கு ஏதோ கொடுக்கிறாள் என்று என் மனம் உடனே ஒரு புதுக் கணக்குப் போட்டது.

தெருக்கோடியில் ஒரு விறகு மண்டி இருந்தது. மண்டிக்காரர் ஒரு பாய். வீடும் மண்டியும் ஒன்றாக இருக்கும். வாசலெல்லாம் சவுக்குக் கட்டை, சவுக்கு மிலாறு, காலடியில் மெத்தைபோலச் சருகு. நான் நின்றுவிட்டேன். என் உள்ளங்கையில் என் மனைவி வைத்த அதே சருகு.

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். கிணற்றடியில் அம்மாவின் கூடை இருந்தது. அதற்கப்பால் தாழ்வாரத்தில், சும்மாட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வயது வரையில் அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை. எங்களுக்குப் பின்னால் படுத்து எங்களுக்கு முன்னால் எழுந்திருக்கிறவள். இப்போது வாய் திறந்திருந்தது. ஒரு கை உள்ளங்கை மேலே பார்க்க விழுந்து கிடந்தது. கையில் சதையே இல்லை. தோளிலிருந்து முழங்கை வரை தோல் தளர்ந்து தொங்கியது. அது எப்போது இப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் பார்த்த கைதான்.

"யாருப்பா அது?" உள்ளேயிருந்து பாய் வீட்டு அம்மா வந்தாள்.

"மீன்காரம்மா புள்ள."

"சத்தம் போடாத. இப்பத்தான் கண்ணு அசந்துது."

"தினமும் வருதா?"

"சித்திரைலேர்ந்து. மொத நாளு தண்ணி கேட்டுச்சு. குடிச்சிட்டுக் குந்துச்சு. குந்துனது குந்துனபடி தூங்கிப்போச்சு. நான் பயந்துபோய் மூக்காண்ட வெரல வச்சுப் பாத்தேன்." அவள் சிரித்தாள். "எங்க மாமியாரும் இப்பிடித்தான். ராத்திரியெல்லாம் முழிச்சிகினு எங்களத் திட்டும். பகல்ல கொறட்ட. வயசானவங்க தூக்கம் அவங்க சொன்ன பேச்சக் கேக்காது."

"வூட்ல தூங்கலாமே. ஏன் இங்க?"

"அங்க எல்லாரும் பாக்கறாங்களாம். மருமவ எப்பப் படுக்கும்னு பாத்துகினே கீறாளாம்."

"அவ அப்பிடியெல்லாம் பாக்கறதில்லமா."

"அப்ப நீ பாக்கறியா?" என்றாள்.

நான் கூடைப் பக்கம் திரும்பினேன். விற்றது போக மேலே கொஞ்சம் மீன் இருந்தது. சாக்கை விலக்கிக் கையை விட்டேன். மீனுக்குக் கீழே ஓர் ஓலைப்பாய்த் துண்டு. அதற்குக் கீழே அடி வரைக்கும் சவுக்குச் சருகு. கூடையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். சுலபமாக வந்தது.

"எங்க மண்டியில அள்ளிக்கும், தங்கச்சி குடிசையில வச்சிருந்து விடியறதுக்குள்ள கூடையில போட்டுக்குமாம்" என்றாள் பாய் வீட்டு அம்மா. "கும்பலாத் தெரியணுமாம். பாதி மீனு தங்கச்சி கூடையில வருது, வித்த காசு அக்காளுக்கே வந்துடுது. அவளும் பாவம், ரெண்டு ஆளு செமை செமக்கறா. நான் சொன்னேன்னு சொல்லிடாத. அப்புறம் இங்கயும் தூங்க வராது."

அவள் ஏன் இவ்வளவு இரக்கப்படுகிறாள், மீன் சும்மா கிடைக்கிறதோ என்று அப்போதும் எனக்குள் ஒன்று கேட்டது. அதைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில், "இன்னா, தங்கச்சி வூடுதானே?" என்று மனைவி கேட்டாள். "இல்ல, கேளம்பாக்கந்தான்" என்றேன். "அப்ப சருகு?" என்றாள். "காத்துல வந்திருக்கும்" என்றேன். கேளம்பாக்கம் வரைக்கும் காற்றில் சருகு வருமா என்று அவள் அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கெட்டவள் அல்ல. ஆனால் அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அது கரைக்குத் தெரிந்ததுபோல. அம்மாவின் தெருக்கள் போய்விடும். தெருக்கள் போனால் பாய் வீட்டுத் தாழ்வாரமும் போய்விடும். அம்மாவுக்குத் தூக்கம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு சின்னம்மாவின் காலில் திருக்கை மீனின் முள் ஏறியது. கால் பூசணிக்காய்போல வீங்கி, குடிசையை விட்டு வெளியே வரவில்லை.

அந்தக் காலையில் அம்மா மீனில் பாதியைக் கரையிலேயே வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். அதுவே பெண்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மீதியைக் கூடையில் அடுக்கினாள். சாக்கைப் போர்த்தினாள். சும்மாட்டை வைத்துக்கொண்டு நின்றாள். தூக்கிவிட ஆள் இல்லை. கூப்பிட்டால் யாரும் வருவார்கள். அவள் யாரையும் கூப்பிடவில்லை. என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அம்மாவின் கை கூடை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. அவள் சுற்றிலும் பார்த்த பார்வை, வலையில் விழுந்த பிறகு மீன் பார்க்கிற பார்வை.

நான் கையிலிருந்த துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தேன். கரை முழுவதும் சிரிப்பு வெடித்தது.

"அண்ணாத்த, அப்பிடியே பொடவையும் கட்டிகினு கூவிகினு போயேன்!"

"தே, நாளைலேர்ந்து எங்க மரத்துக்கு எவண்டி வருவான்? இவன் மீனு விக்கப் போறானே!"

எனக்குக் காது எரிந்தது. ஆனால் அவர்கள் சிரிப்பதற்கு நடுவே ஒன்று தோன்றியது. கனமாக இருப்பதுபோலக் காட்ட வேண்டும். "ஐயோ, அம்மாடீ!" என்று முனகிக்கொண்டே தூக்கினேன். முழங்காலைக்கூட மடக்கினேன். கூடை அம்மாவின் தலைக்கு ஏறியது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பாமல் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் நன்றி எதுவும் கிடைக்கவில்லை.

"இன்னாத்துக்குடா மொனகுன?"

"கனமா இருந்துது."

"கனமா இருந்துதா?" என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள். "எவ சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல."

அவள் நம்பவில்லை. நேராகப் போய், வீங்கிய காலோடு படுத்திருந்த சின்னம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு வந்தாள். சின்னம்மா, "ஒம் புள்ளையே பின்னால வந்தான், என்ன ஏன் கேக்கற?" என்று சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் அம்மா என்னோடும் பேசுவதை நிறுத்திவிட்டாள். எதற்காகப் பின்னால் வந்தேன், மருமகள் அனுப்பினாளா என்பதுதான் அவளுக்குப் பெரிய கேள்வி.

ஆனாலும் வேறு வழியில்லை. தினமும் நான்தான் தூக்கிவிட்டேன். தினமும் முனகினேன். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. என் மனைவிக்கு மட்டும் குறையவில்லை.

"அம்மாவும் புள்ளையும் இன்னா கூத்து கட்றீங்க?" என்றாள். "மரத்தத் தனியாத் தூக்கறவன் நீ. மீனு கூடைக்கு இந்த மொனகலா?"

ஒரு நாள் அம்மாவே பொறுக்க முடியாமல் போய்விட்டாள். நான் குனிந்து "அம்மாடீ" என்று ஆரம்பித்ததும் கூடையைக் கீழே வைத்தாள்.

"போடா அந்தாண்ட. ஊருக்கே கேக்கற மாதிரி மொனகறான். இவன் மொனகியே காட்டிக் குடுப்பான்." பிறகு என் மனைவியைப் பார்த்து, "வாடி. நீயே தூக்கு" என்றாள்.

என் மனைவி வந்தாள். கனமான கூடைக்குத் தேவையான பலத்தோடு தூக்கினாள். கூடை சர்ரென்று மேலே போய், அம்மாவின் தலையைத் தாண்டிவிடும்போல இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தி, நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். சாக்கின் ஓரத்தில் ஒரு சருகு நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இன்றைக்கும் நான் முழுதாகப் பதில் சொல்லி முடிக்கவில்லை.

பக்கத்தில் பெண்கள் இருந்தார்கள். இப்போது வாயைத் திறக்கப் போகிறாள் என்று நினைத்தேன். திறந்தாள்.

"சும்மாட்ட எங்கிட்ட குடு அத்த. தலவலின்னு காலைலயே சொன்னல்ல? இன்னிக்கி நான் செமக்கறேன். நீ கூவிகினு வா."

அம்மா காலையில் அப்படி எதுவும் சொல்லவில்லை. சும்மாட்டைக் கொடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. தெருக்களைப் பிடுங்குவதற்கு இது ஒரு புது வழி என்று அவள் நினைத்தது முகத்தில் அப்படியே தெரிந்தது. கடைசியில் கொடுத்தாள். என் மனைவி முன்னால் போக, அம்மா வெறுந்தலையோடு பின்னால் போனாள், கூடையிலிருந்து ஏதாவது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே.

அதற்கப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. சருகு போய்க் கூடை நிறைய மீன் வந்தது. சுமப்பது மருமகள், கூவுவதும் பேரம் பேசுவதும் மாமியார். எந்த வீட்டுக்கு எந்த மீன் பிடிக்கும் என்பதை மட்டும் அம்மா அவளுக்குச் சொல்லவே இல்லை. வீட்டுக்கு வீடு தானே முன்னால் போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு வருவாள். இரவில் தூக்கம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது, அதே புரளல்தான். கையிலும் பலம் திரும்பவில்லை. ஆனால் கூழை மருமகள் ஊற்றினாலும் குடித்தாள், முதலில் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு.

சில நாட்களில் என் மனைவி வேறொரு புகாரோடு வந்தாள்.

"அந்த விறகு மண்டி பாய் வூடு கீதே, அங்க போனா என்னத் தெருமுனையில நிக்க வச்சிட்டு ஒங்கம்மா தனியா உள்ள போவுது. நானே மிச்சத் தெருவெல்லாம் சுத்தி வித்துட்டு வந்து நிக்கறேன், அப்பவும் வரமாட்டேங்குது. உள்ள இன்னாதான் பண்ணுது?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

"ஒனக்குத் தெரியும். வெளிய வரும்போது மூஞ்சி உப்பிகினு, கன்னத்துல வரிவரியாத் தடம் கீது. கேட்டா, வூட்டுக்காரம்மா பேசிகினே கீதுங்குது. நாளைக்கி நானும் உள்ள போவப்போறேன்."

"போவாத" என்றேன்.

அவள் கண்ணைச் சுருக்கினாள். "ஏன்?"

"அந்த வூட்ல நாய் கீது."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் தெருமுனையிலேயே நின்றிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. கூடையை வேப்பமர நிழலில் இறக்கிவைத்து, அம்மா வரும்வரை உட்கார்ந்திருந்தாளாம். நாய் இருப்பதை நம்பினாளா, இல்லை ஏதாவது கண்டுபிடித்துவிட்டு எனக்குச் சொல்லாமல் இருக்கிறாளா என்று நான்தான் அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.